ரிசப்ஷன் மேடைக்குப் பக்கத்தில்: ஒரு புது டிஜேயின் நாட்குறிப்பு

ஜனவரி 5, 2025, ஞாயிறு

தேதி உறுதியாகிவிட்டது. பிப்ரவரி 9 ஞாயிறு மாலை பொள்ளாச்சியில் தோழியின் கல்யாண ரிசப்ஷன், அதற்கு டிஜே நான். அடுத்து 22ஆம் தேதி சனிக்கிழமை கோவை ரேஸ் கோர்ஸ் பக்கம் ஒரு காபிக் கடையில் மாலை இரண்டு மணி நேரம். இதுவரை வாசித்ததெல்லாம் அறைக்குள்ளேதான், கேட்டது நானும் என் தங்கையும். இனி நடப்பதை இங்கே எழுதிக்கொண்டே வருகிறேன். தமிழ்ப் பாட்டு வைத்து டிஜே பண்ண ஆரம்பிக்கிற வேறு யாருக்காவது உதவும்.

என்னிடம் இருப்பது டிடிஜே-எஃப்எல்எக்ஸ்4 கன்ட்ரோலர், லேப்டாப்பில் ஓடுகிற பாட்டுகளைக் கையால் கலக்குவதற்கான கருவி. இரண்டு சேனல், யூஎஸ்பி வழியாக லேப்டாப்பிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும். மென்பொருள் ரெக்கார்ட்பாக்ஸ். ஆரம்பத்துக்கு இது தாராளமாகப் போதும். கையில் மேற்கொண்டு பணம் இருந்தால் அதை நல்ல ஹெட்போனுக்கும் தரமான பாட்டுக் கோப்புகளுக்கும் செலவழிக்கலாம், பெரிய கருவிக்கு அல்ல.

இணையத்தில் கிடைக்கிற பாடங்களில் பெரும்பாலானவை ஹவுஸ் என்கிற மின்னணு நடன இசையை வைத்துச் சொல்லித் தருகின்றன. நிமிடத்துக்கு 120க்கும் 128க்கும் நடுவில் தட்டு என்கிற வேகம், பாட்டின் முதல் 32 தட்டு வெறும் டிரம்ஸ், கடைசி 32 தட்டும் வெறும் டிரம்ஸ், ஒன்றின் வால் மேல் இன்னொன்றின் தலையை வைத்தால் ஒட்டிக்கொள்ளும். நம் சினிமாப் பாட்டு அப்படிப் போடப்பட்டதே இல்லை. எடுத்தவுடன் ஹம்மிங் வரும், வயலின் வரும், சிலதில் நேராகப் பல்லவியே வந்துவிடும். ஒட்டுவதற்கான வெற்றிடத்தை நாம்தான் பாட்டுக்குள் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

ஜனவரி 11, சனி

இன்று முழுக்கக் கோப்பு வேலை. வீட்டில் அப்பா வாங்கி வைத்த எம்பி3 சிடிகள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன, ஒரு சிடியில் நூறு நூற்றைம்பது பாட்டு அடைத்துக் கொடுப்பார்களே, அதுதான். பல கோப்புகள் 128 கேபிபிஎஸ், ஒலி விவரத்தை நிறையச் சுருக்கிய குறைந்த தரம். இயர்போனில் கேட்கும்போது குறை தெரியாது. நண்பன் வீட்டுப் பெரிய ஸ்பீக்கரில் போட்டபோது டிரம்ஸ் சிம்பலின் சத்தம் மொத்தமும் ஸ்ஸ்ஸென்று கரைந்து போயிற்று, பேஸ் இருந்தும் அழுத்தம் இல்லை. காணொளியிலிருந்து உருவிய பாட்டுகளும் இதே கதைதான். மேடையில் போடப்போகிற ஒவ்வொன்றையும் 320லோ அதைவிட மேலான தரத்திலோ காசு கொடுத்து வாங்கி மாற்றிக்கொண்டிருக்கிறேன். ஸ்ட்ரீமிங்கை நம்பிப் போக முடியாது, கல்யாண மண்டபத்தில் ஆயிரம் போன்கள் சேர்ந்தால் சிக்னல் படுத்துவிடும்.

ஃபோல்டர்களைப் படம், இசையமைப்பாளர் என்று பிரிக்காமல், யார் எழுந்து வருவார்கள் என்று பார்த்துப் பிரித்தேன். மாமா சித்தப்பாக்கள், காலேஜ் கூட்டம், குழந்தைகள், மேடையேறும்போது, பந்தி நேரம். மேடையில் நிற்கும்போது மனசுக்குள் வருகிற கேள்வியும் அதுவாகத்தான் இருக்கும்.

ஜனவரி 19, ஞாயிறு

இன்றைக்குப் புரிந்த ஒரு விஷயம் எனக்கு மிகவும் பிடித்துப்போனது, அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

ஒரு குத்துப் பாட்டை உள்ளே ஏற்றினால் மென்பொருள் 97.5 பிபிஎம், அதாவது நிமிடத்துக்கு அத்தனை தட்டு, என்கிறது. கை தட்டி எண்ணினால் 130. ஏன் இவ்வளவு வித்தியாசம்? அந்தப் பாட்டு திஸ்ர நடை, ஒரு தட்டுக்குள் மூன்று சின்ன அடி. மென்பொருள் எல்லாவற்றையும் சதுஸ்ரமாகவே, தட்டுக்கு நாலு அடியாகவே, பார்க்கிறது. நிமிடத்துக்கு 130 தட்டு, தட்டுக்கு மூன்று அடி, ஆக 390 அடி. அதை இரண்டிரண்டாகச் சேர்த்து 195 தட்டு என்று எடுத்துக்கொள்கிறது, அது அதிகமாகத் தெரிவதால் பாதியாக்கி 97.5 என்று காட்டிவிடுகிறது. இப்படி விட்டால் இரண்டு பாட்டின் தட்டையும் தானாகச் சேர்க்கிற சிங்க் பொத்தானை அழுத்தும்போது எந்தப் பாட்டும் எதோடும் சேராது. அதனால் குத்து, கானா வகைப் பாட்டுகள் ஒவ்வொன்றுக்கும் கையால் தட்டி வேகத்தைக் கொடுத்து, முதல் தட்டு எங்கே விழுகிறதோ அங்கே பீட்கிரிட்டை (தட்டுகளைக் குறிக்கிற கோடுகளை) நகர்த்தி வைக்கிறேன்.

வேகம் சரியானாலும் வேலை முடிவதில்லை. 130ல் ஓடுகிற சதுஸ்ரப் பாட்டையும் 130ல் ஓடுகிற திஸ்ரப் பாட்டையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்தால் தட்டு பொருந்தும், ஆனால் தட்டுக்கு உள்ளே நாலும் மூன்றும் இடித்துக்கொள்ளும். அந்த இடத்தில் நீளமாகக் கலக்கவே கூடாது. எக்கோ போட்டு முதல் பாட்டை வெளியேற்றி, சமத்தில், அதாவது தாளத்தின் முதல் தட்டில், அடுத்ததை வெட்டி இறக்குவதுதான் வழி.

80களின் பாட்டுகளில் இன்னொரு சங்கதி. அநேகமாக எல்லா வாத்தியக்காரர்களும் ஸ்டூடியோவில் சேர்ந்து உட்கார்ந்து வாசித்தவை, அதனால் வேகம் ஒரே சீராக இருக்காது, பல்லவியில் ஒரு வேகம், இடையிசை முடிந்து சரணம் வரும்போது சற்று ஏறியிருக்கும். ரெக்கார்ட்பாக்ஸில் டைனமிக் என்றொரு ஆய்வு முறை இருக்கிறது, அதில் போட்டால் கிரிட் ஓரளவு கூடவே வளையும். மீதியை ஜாக் வீல் என்கிற சுழல் வட்டில் விரல் வைத்துத் தள்ளிக்கொள்ள வேண்டும். அந்த ஏற்ற இறக்கம்தான் அந்தப் பாட்டுகளுக்கு உயிர், அதைச் சமன் செய்துவிட எனக்கு விருப்பமில்லை.

ஜனவரி 26, ஞாயிறு

பொள்ளாச்சி போய் சவுண்ட் சர்வீஸ் அண்ணனைப் பார்த்துவிட்டு வந்தேன். அவருடைய அப்பா கூம்பு ஸ்பீக்கரை மரத்தில் கட்டி இசைத்தட்டு போட்ட காலத்திலிருந்து நடக்கிற மைக் செட் கடை. என் பாட்டு வரிசையைக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார்.

“அம்மிணி, பாட்டு ரெண்டாவதுங்க. மொதல்ல, பந்தியில ஒக்காந்திருக்கறவங்க பக்கத்து எலைக்காரர்கூடப் பேச முடியோணும்.”

“அப்ப சவுண்டு எப்பங்கண்ணா ஏத்தறது?”

“ஒம்பதுக்கு மேல. சொந்தக்காரங்க பஸ்ஸுக்குக் கெளம்பியிருப்பாங்க. மிச்சம் நிக்கறவங்க ஆடோணும்னே நிக்கறவங்க.”

அப்புறம் அவர் சொன்னதுதான் முக்கியம். சரணத்தின் பாதியில் பாட்டை மாற்றாதீர்கள், கூடவே பாடுகிறவர்களின் வாயை அடைத்த மாதிரி ஆகிவிடும் என்றார். ஒன்றரை நிமிடத்துக்கு மேல் ஒரு பாட்டை ஓட விடாதே என்றுதான் இணையப் பாடங்கள் சொல்கின்றன. நான் அண்ணன் கட்சி. நம் ஜனம் பாட்டுக்கு ஆடும்போதே வாய்விட்டுப் பாடவும் செய்யும், முதல் சரணம் முடிந்து பல்லவி திரும்பி வரும்வரை அந்தப் பாட்டு அவர்களுக்குச் சொந்தம்.

வீட்டுக்கு வந்து எல்லாப் பாட்டிலும் ஹாட் க்யூ வைத்தேன், ஒரே பொத்தானில் நேராக அந்த இடத்துக்குத் தாவ உதவுகிற குறி. பல்லவி தொடக்கம், இடையிசையில் தாளம் மட்டும் ஒலிக்கிற இடம், சரணம் முடிந்து பல்லவி திரும்புகிற இடம். அந்தத் தாளம் மட்டும் வருகிற துண்டைத் திரும்பத் திரும்ப ஓடுகிற லூப்பாகப் போட்டால் அடுத்த பாட்டை ஒட்ட இடம் கிடைத்துவிடுகிறது. 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்க்ஸில் தன் சகோதரி நடத்திய விருந்தில் வாசித்த டிஜே கூல் ஹெர்க், ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை இரண்டு டர்ன்டேபிளில் வைத்துத் தாளத் துண்டை நீட்டிப் புகழ்பெற்றவர். அவர் இரண்டு கையாலும் செய்ததை நான் ஒரு பொத்தானில் செய்கிறேன்.

அண்ணனோடு கேபிள் விஷயமும் பேசினேன். என் கன்ட்ரோலரில் ஸ்பீக்கருக்குப் போகிற மாஸ்டர் அவுட், வீட்டு ஆடியோ கருவிகளில் இருக்கிற ஆர்சிஏ வகை மட்டும்தான். அவர் மிக்சர் கூட்டத்துக்குப் பின்னால் இருக்கும், அவ்வளவு தூரம் ஆர்சிஏ இழுத்தால் வழியிலுள்ள இரைச்சலெல்லாம் ஏறிக்கொள்ளும். என் மேசையிலேயே சிக்னலை மாற்றிக் கொடுக்கிற டிஐ பாக்ஸ் வைத்து அங்கிருந்து நீள தூரத்துக்கு ஏற்ற எக்ஸ்எல்ஆர் கேபிளில் கொண்டுபோகலாம் என்றார்.

பிப்ரவரி 1, சனி

வரிசை முடிவானது. ரிசப்ஷன் மண்டபத்தை ஒட்டிய திறந்தவெளியில். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. மண்டபக்காரரும் அதையே சொல்லிவிட்டார். ஆகவே ஆட்டத்துக்குக் கிடைப்பது ஒன்பதிலிருந்து பத்துக்குள் மட்டும். காப்புரிமைச் சட்டத்தின் 52ஆவது பிரிவு கல்யாணத்தோடு சேர்ந்த கொண்டாட்டங்களில் பாட்டு போடுவதற்கு விலக்கு தருகிறது. காபிக் கடைக்கு அது கிடையாது, உரிமம் வாங்கியிருக்கிறார்களா என்று முன்கூட்டியே கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

ஒன்பது மணிக்கு 100 பிபிஎம் அளவில் சதுஸ்ரப் பாட்டுகள், மெல்ல 115 வரை ஏற்றம், அப்புறம் ஒரே ஒரு தடவை திஸ்ரத்துக்குத் தாவல், அதன்பின் கடைசிவரை குத்து. திரும்பி வரக்கூடாது. குத்து கேட்ட காலுக்கு அதற்குப் பிறகு வேறெதுவும் பிடிக்காது.

காதில் அடைக்கிற ஃபோம் இயர்பிளக் வாங்கினேன். அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷின் கணக்குப்படி 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் இருக்கலாம், 100 டெசிபலில் பதினைந்து நிமிடம்தான். இந்த வேலையை நான் பல வருஷம் செய்ய ஆசைப்படுகிறேன், காது வேண்டும்.

பிப்ரவரி 7, வெள்ளி

பை கட்டியாயிற்று. லேப்டாப்பில் ஸ்லீப், அப்டேட், நோட்டிஃபிகேஷன் எல்லாம் நிறுத்தம். கேபிள் எல்லாம் இரண்டிரண்டு. முழு வரிசையையும் பதிவு செய்த எம்பி3 ஒன்று போனிலும், ஃபேட்32ல் ஃபார்மட் செய்த பென்டிரைவிலும். அண்ணன் மிக்சரிலேயே யூஎஸ்பி துளை இருக்கிறது, என் பக்கம் எது போனாலும் பாட்டு நிற்காது.

பிப்ரவரி 10, திங்கள்

காலையில் முகூர்த்தம் முடிந்து பஸ்ஸில் திரும்பும்போது எழுதுகிறேன், கால் இன்னும் வலிக்கிறது.

சவுண்ட் செக்கில் ம்ம்மென்று ஒரு இரைச்சல் வந்தது, லேப்டாப் சார்ஜரைக் கழற்றினால் நின்றது. அண்ணன் டிஐ பாக்ஸில் எர்த் இணைப்பைத் துண்டிக்கிற கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டினார், சார்ஜர் இருக்கும்போதே சுத்தமாகிவிட்டது. எட்டு மணி வாக்கில் கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுக்க ஒரு நிமிடம் ஆனது. லேப்டாப் பேட்டரியில் என் ஹெட்போனில் மட்டும் பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற ஃபேடரை இறக்கிவிட்டு, ஸ்பீக்கர் உயிர் பெற்றதும் பல்லவி க்யூவிலிருந்து ஏற்றினேன். மேடையில் போட்டோவுக்கு நின்றவர்கள் கை தட்டினார்கள்.

ஒன்பது மணிக்கு மேடை முன்னால் யாருமே இல்லை. நாலைந்து குழந்தைகள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கென்று ஒரு பாட்டு போட்டேன், முடிந்ததும் இன்னொன்று. குழந்தைகளைக் கூட்டிப்போக வந்த அம்மாக்கள் ஓரமாக நின்றார்கள், ஒரு அக்கா மகனின் இரண்டு கையையும் பிடித்து ஆட்ட ஆரம்பித்தார், கொஞ்ச நேரத்தில் மகன் ஓடிப்போய்விட்டான், அக்கா ஆடிக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்து அவர் தங்கைகள், அப்புறம் மாப்பிள்ளையின் நண்பர்கள். வரிசையில் அடுத்து இருந்ததையெல்லாம் விட்டுவிட்டு அந்த அக்காவின் வயதைக் கணக்கிட்டு 90களின் பாட்டுகளுக்குப் போனேன். முதல் சரணத்தின் கடைசி வரியில் ஃபேடரை இறக்கினேன், மொத்தக் கூட்டமும் பாடி முடித்து, திரும்பி வந்த பல்லவியை அவர்களே எடுத்தார்கள். உடம்பெல்லாம் சிலிர்த்துப்போனது.

திஸ்ரத்துக்குத் தாவும்போது மைக்கை எடுத்து வெறும் கைதட்டு கேட்டேன். 130ல் தட்டு கிடைத்தது, சமத்தில் குத்தை இறக்கினேன். 9.55க்கு நிறுத்தினோம். அண்ணன் ஒயரைச் சுருட்டிக்கொண்டே “நல்லாப் பண்ணுனீங்க அம்மிணி” என்றார்.

பிப்ரவரி 23, ஞாயிறு

காபிக் கடை முற்றிலும் வேறு வேலை. யாரும் ஆடமாட்டார்கள், பேச்சுக்குக் கீழே பாட்டு ஓட வேண்டும். இங்கே இரண்டு பாட்டை ஒரு நிமிடம்கூட ஒன்றாக ஓட விடலாம், அதனால் சுருதி முக்கியமாகிறது. ஒவ்வொரு சுருதிக்கும் ஒரு எண்ணும் எழுத்தும் கொடுத்து, 8ஏ என்றால் 8பி, 7ஏ, 9ஏ சேரும் என்று காட்டுகிற கேம்லாட் சக்கரத்தை வைத்துத் தொடங்கினேன், ஆனால் நேற்று கைகொடுத்தது ராகம்தான். மோகனத்தின் ஐந்து ஸ்வரமும் சங்கராபரணம், கல்யாணி, அரிகாம்போதி மூன்றிலும் இருக்கின்றன. சுருதி ஒன்றாக இருந்தால் மோகனத்தில் போட்ட பாட்டின் இடையிசையை இவற்றில் எதன் மேலும் வைக்கலாம், உறுத்தாது. ஒரு புல்லாங்குழல் துண்டை அப்படி வைத்தபோது ஜன்னல் மேசையில் இருந்த பெரியவர் புத்தகத்திலிருந்து நிமிர்ந்து ஸ்பீக்கரைப் பார்த்தார்.

காலையில் சவுண்ட் சர்வீஸ் அண்ணன் போன் செய்தார். பங்குனியில் உடுமலைப் பக்கம் ஒரு காதுகுத்து, பகல் பன்னிரண்டு மணி, வர முடியுமா என்று கேட்டார். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். குழந்தைகள் ஃபோல்டரில் இருப்பது போதாது, இன்றைக்கே தேட ஆரம்பிக்கிறேன்.