டிசம்பர் 11

இன்று காலை நாள்காட்டித் தாளைக் கிழித்ததும் பாரதிதான் நினைவுக்கு வந்தார். 1882-ல் இதே நாளில் எட்டயபுரத்தில் பிறந்தவர். 39 வயதை அவர் தொடவே இல்லை என்பதை எத்தனை முறை படித்தாலும் மனசு ஆறுவதில்லை. அதற்குள் எவ்வளவு எழுதிவிட்டார்!

இதே தேதியில், 1969-ல், மயிலாடுதுறையில் பிறந்தவர் விஸ்வநாதன் ஆனந்த். இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர். 1972-ல் அப்போலோ 17 நிலவில் இறங்கியதும் டிசம்பர் 11-தான். மனிதர்கள் கடைசியாக அங்கே போனது அப்போதுதான்.

அப்புறம், எம்.எஸ். சுப்புலட்சுமி. 2004-ல் பாரதியின் பிறந்தநாளன்றே அந்தக் குரல் நம்மை விட்டுப் போனது. பாரதியின் பாட்டுகளை அவர் பாடிக் கேட்டுத்தான் நான் வளர்ந்தேன். இன்று ராத்திரி அவற்றில் ஒன்றை மகளுக்குப் போட்டுக்காட்டப் போகிறேன்.