பை-டூ காபியும் ஒரு பட்டிமன்றமும்

மார்ச் 16, 2025, ஞாயிறு

தலைப்பு முடிவாகிவிட்டது. "பை-டூ காபி வளர்ப்பது நட்பையா, கஞ்சத்தனத்தையா?"

பெங்களூர் காக்ஸ் டவுனில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஆறு பேரும் உட்கார்ந்து மூன்று மணி நேரம் பேசிய பிறகுதான் இது கிடைத்தது. ஆறு பேருமே மேடையில் தனியாக நின்று சிரிக்க வைப்பவர்கள். பகலில் ஆளுக்கொரு வேலை. வார இறுதியில் இந்திராநகரோ கோரமங்கலாவோ, எங்கே ஓப்பன் மைக் (யார் வேண்டுமானாலும் மேடையேறிப் பேசலாம்) நடந்தாலும் போய் ஐந்து நிமிடம் கேட்டு வாங்கித் தமிழில் பேசுவோம். சித்திரைப் பிறப்புக்கு முந்தைய ஞாயிறு அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு பட்டிமன்றம் நடத்த வேண்டும் என்பது ஜனவரியிலிருந்தே எங்கள் ஆசை.

மாமியார் மருமகள் தலைப்பு வேண்டாம் என்று நான் பிடிவாதமாகச் சொல்லிவிட்டேன். நாங்கள் கே.ஜி.எஃபில், அதாவது கோலார் தங்கவயலில், சின்னப் பிள்ளைகளாக இருந்த காலத்திலிருந்து பண்டிகைக் காலையில் டிவியில் அதைக் கேட்டாயிற்று. சாம்பாரில் வெல்லம் போடலாமா என்பது கடைசிவரை போட்டியில் இருந்தது. ஆனால் அது நாக்கோடு நின்றுவிடும். பை-டூவில் காசு இருக்கிறது, பழக்கம் இருக்கிறது, கூட ஒரு ஆள் இருக்கிறார்.

வெளியூர்க்காரர்களுக்காக: இங்கே தர்ஷினி என்கிற, நின்றபடி சாப்பிடும் சின்ன ஓட்டல்களில் ஒரு காபிக்குப் பணம் கட்டி "பை-டூ" என்று சொன்னால் இரண்டு தம்ளரில் பிரித்து ஊற்றித் தருவார்கள். யாரும் ஒரு மாதிரி பார்க்க மாட்டார்கள். பக்கத்திலேயே கோட்டு சூட்டு போட்டவரும் அதையேதான் வாங்கிக்கொண்டிருப்பார்.

சீட்டுக் குலுக்கிப் போட்டதில் எனக்குக் கஞ்சத்தனம் வந்தது. அணித் தலைவியும் நானே. நடுவர், எனக்குப் பள்ளியில் தமிழ் சொல்லிக் கொடுத்த டீச்சர். ஓய்வு பெற்று மகனோடு கே.ஆர். புரத்தில் இருக்கிறார். போனில் கேட்டதும், "தீர்ப்பு நான் சொல்றதுதான். ரெண்டு அணியும் நல்லா பேசினீங்கன்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போக மாட்டேன், சம்மதமா?" என்றார். எனக்கு வேண்டியதும் அதுதான்.

மார்ச் 22, சனி

முதல் ஒத்திகை சரியாக வரவில்லை.

ஒவ்வொருவரும் நன்றாகவே பேசினார்கள். தனித்தனியாக எடுத்தால் எல்லாருக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அது பட்டிமன்றமாக இல்லை. எல்லாரும் வீட்டிலேயே எழுதி, எங்கே நிறுத்தினால் சிரிப்பு வரும் என்று கணக்குப் பார்த்துக் கொண்டுவந்ததை ஒப்பித்துவிட்டு உட்கார்ந்தோம். மணிக்குப் பதிலாக எவர்சில்வர் மூடியும் கரண்டியும் வைத்திருந்த டீச்சர், கடைசியில் அதை ஓங்கித் தட்டினார்.

"ஆறு பேரும் மொய் எழுத வந்த மாதிரி வந்தீங்க, எழுதினீங்க, போயிட்டீங்க. முன்னாடி இருந்தவர் என்ன எழுதினார்னு யாராவது பார்த்தீங்களா?"

அப்புறம் மணிமேகலையில் வரும் ஒரு வரியைச் சொன்னார். இந்திர விழாவுக்கு முரசறைகிறவன், சமயவாதிகளைப் பார்த்து "பட்டிமண்டபத்துப் பாங்கறிந்து ஏறுமின்" என்கிறான். வாதம் செய்யத் தெரிந்தால் மட்டும் போதாது, அந்த மேடைக்கு என்று ஒரு முறை உண்டு, அதை அறிந்து ஏறுங்கள் என்று அர்த்தம். அந்தக் காலத்தில் கடவுள் உண்டா, உயிர் உண்டா என்பது வழக்கு. 1939இல் காரைக்குடியில் கம்பன் கழகம் தொடங்கிய பிறகு, கம்பன் விழா மேடைகளில் கைகேயியும் வாலியும் வழக்குக்கு வந்தார்கள். பிறகு மதுரை அமெரிக்கன் கல்லூரியின் தமிழ்ப் பேராசிரியர் சாலமன் பாப்பையா, வீட்டுத் திண்ணையில் பேசுகிற பேச்சிலேயே குடும்பத்துக் கேள்விகளை மேடையில் வைத்தார். திண்டுக்கல் லியோனி சினிமாப் பாட்டை வாதத்துக்குச் சாட்சியாகப் பாடவே ஆரம்பித்தார். கேள்வி சின்னதாகிக்கொண்டே வந்திருக்கிறது. ஆனால் முறை அப்படியே இருக்கிறது: எதிரணி சொன்னதைக் காதில் வாங்கு, அதற்குப் பதில் சொல்.

தனியாக நின்று பேசிப் பழகிய எங்களிடம் இல்லாதது இதுதான். எங்களுக்கு எதிரில் கூட்டம் மட்டும்தான் இருக்கும். பட்டிமன்றத்தில் பக்கத்திலேயே ஒருவர், நாம் பேசுவதைக் குறிப்பெடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

டீச்சர் ஒரு பயிற்சி கொடுத்தார். பதில் சொல்வதற்கு முன்னால் எதிரணிக்காரர் சொன்னதை நம் வாயால் திரும்பச் சொல்ல வேண்டும். அவர் "ஆமா, அதையேதான் சொன்னேன்" என்று ஒத்துக்கொண்ட பிறகுதான் மேலே பேசலாம். ஒரு மணி நேரம் முயன்றோம். இரண்டு பேருக்குத்தான் வந்தது.

மார்ச் 27, வியாழன்

பால் விலை ஏறுகிறது. கர்நாடகக் கூட்டுறவுப் பாலான நந்தினியை லிட்டருக்கு 4 ரூபாய் கூட்டி, ஏப்ரல் 1 முதல் என்று அறிவித்துவிட்டார்கள். பிப்ரவரியில்தான் மெட்ரோ கட்டணம் ஏறியது. எங்கள் குழுவில் உடனே செய்தி பறந்தது: "அக்கா, உங்க அணிக்கு ஒரு பாயிண்ட்!" எதிரணித் தலைவர் ஐந்து நிமிடத்தில் பதில் போட்டார்: "விலை ஏறினப்புறமும் பாதியை நண்பனுக்குக் கொடுக்கிறான் பாருங்க, பாயிண்ட் எங்களுக்கு." இப்படி ஒரே செய்தி இரண்டு பக்கமும் பேசினால் தலைப்புக்கு உயிர் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

மார்ச் 29, சனி

காலையில் வழக்கமாகப் போகும் தர்ஷினிக்கு இருமல் மருந்து மூடியோடு போனேன். 10 மில்லி மூடி.

காபி மாஸ்டரை இதுவரை நான் இவ்வளவு கவனித்துப் பார்த்ததில்லை. டிகாஷனைச் சின்னக் குவளையில் முகந்து ஊற்றுகிறார். பாலைக் கையின் நீளத்துக்குத் தூக்கி விடுகிறார். நுரை தம்ளர் விளிம்பைத் தொடும்போது மணிக்கட்டைத் திருப்புகிறார், ஒரு சொட்டுகூட வெளியே சிந்துவதில்லை. பை-டூ என்றால் ஒரு தம்ளரில் ஊற்றி அதைப் பிரிப்பார் என்று நினைத்திருந்தேன். இல்லை. இரண்டு தம்ளரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இரண்டிலும் தனித்தனியாக ஊற்றுகிறார்.

ஒரு முழுக் காபியும் ஒரு பை-டூவும் வாங்கி, ஓரத்தில் நின்றபடி நுரை அடங்கும்வரை காத்திருந்து அளந்தேன். முழுக் காபி 9 மூடி. பை-டூவில் ஒரு தம்ளருக்கு ஐந்தரை, இரண்டும் சேர்ந்தால் 11.

நம்பிக்கை வராமல் இன்னொரு பை-டூ வாங்கினேன். மறுபடியும் 11தான்.

பிரித்தால் குறைய வேண்டும், இங்கே கூடுகிறது. அந்த இரண்டு மூடிக் காபிக்கு யாரும் காசு கொடுக்கவில்லை. இதை வைத்துக்கொண்டு ஜெயித்துவிடலாம் என்று வீட்டுக்கு வேகமாக நடந்தேன்.

மார்ச் 30, ஞாயிறு, உகாதி

பக்கத்து வீட்டு ஆன்ட்டி வேப்பம்பூவும் வெல்லமும் கொண்டுவந்து கொடுத்தார், கூடவே ஒப்பட்டு, நம்ம ஊர் போளி. பட்டிமன்றம் என்றால் என்ன என்று கேட்டார். நான் விளக்கி முடிக்கும் முன்பே, "அய்யோ, நம்ம ஹரட்டெ!" என்றார். உதயா டிவியில் ஹிரேமகளூர் கண்ணன் நடுவில் உட்கார, இரண்டு பக்கமும் ஆட்கள் அமர்ந்து அன்றாட விஷயங்களை வைத்து மல்லுக்கட்டும் நிகழ்ச்சி. பேராசிரியர் கிருஷ்ணேகௌடா பேச ஆரம்பித்தால் ஆன்ட்டி வீட்டில் சமையலே நின்றுவிடுமாம். கன்னடத்தில் ஹரட்டெ என்றால் அரட்டைதான். ஒரே ஊரில் சுவருக்கு அந்தப் பக்கமும் இதே சிரிப்பு இத்தனை வருடமாக நடந்திருக்கிறது, எனக்கு இன்றைக்குத்தான் தெரிகிறது. கட்டாயம் வரவேண்டும் என்று அழைத்திருக்கிறேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

பேசி வைத்திருந்த அரங்கை அதே நாளில் இன்னொருவருக்கும் கொடுத்திருக்கிறார்கள். நேற்று ராத்திரிதான் சொன்னார்கள். ஒரு நாள் முழுக்க அலைந்து, அதே பகுதியில் ஒரு பள்ளியின் மாடிக் கூடத்தைப் பிடித்தோம். மின்விசிறி குறைவு. பரவாயில்லை.

ஒத்திகை நன்றாக வந்தது. எங்கள் அணியின் மூன்றாவது பேச்சாளர் தம்பிக்கு 24 வயது. எழுதி வைத்திருந்த தாளை அவரே மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு எதிரணி பேசியதற்கே பதில் சொன்னார். பாதியில் தடுமாறினார். அந்தத் தடுமாற்றத்தில் உண்மை இருந்ததால் எல்லாரும் சிரித்தோம். டீச்சர் மூடியைத் தட்டவே மறந்துவிட்டார்.

ஏப்ரல் 13, ஞாயிறு, இரவு

தூக்கம் வரவில்லை, எழுதி முடித்துவிட்டே படுக்கிறேன்.

சாயங்காலம் ஏரிக்கரை வழியாகத்தான் ஆன்ட்டியைக் கூட்டிக்கொண்டு போனேன். திருவள்ளுவர் சிலையைப் பார்த்ததும் அவர் நின்றுவிட்டார். 18 வருடம் மூடியே கிடந்து 2009 ஆகஸ்ட் 9 அன்று திறந்த சிலை அது. அதே வாரத்தில் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞர் சிலையும் திறந்ததை ஆன்ட்டிதான் ஞாபகப்படுத்தினார்.

நாற்காலி 120 போட்டிருந்தோம். கடைசி அரை மணி நேரம் பின்னால் நின்றுகொண்டும் கேட்டார்கள்.

நட்பு அணியில் முதலில் பேசியவர், பெங்களூருக்கு வந்த புதிதில் பி.ஜி. விடுதியில் பாஷை தெரியாமல் பத்து நாள் வாய் திறக்காமல் இருந்ததைச் சொன்னார். "நடுவர் அவர்களே, முழுக் காபியைத் தனியா நின்னு குடிக்கலாம். பை-டூ வேணும்னா இன்னொரு ஆள் வேணும். ஆளைத் தேடச் சொல்ற காபி உலகத்துல இது ஒண்ணுதான்!"

எங்கள் அணியில் வங்கியில் வேலை பார்க்கும் அக்கா எழுந்தார். "ஆள் தேடுறது சரி, பில்லை யார் கட்டுறது? 'நேத்து நான் கொடுத்தேன், இன்னைக்கு நீ'ன்னு ஒரு தோழி சொல்லுவா. 20 நாள் நோட்டுல எழுதி வச்சேன். அந்த 20 நாள்ல 14 நேத்து அவளோடது!" கூடத்தில் பாதிப் பேர் பக்கத்தில் இருந்தவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அடுத்து நட்பு அணியின் இரண்டாவது பேச்சாளர். "பொண்ணு பார்த்த மறுநாள் நானும் அவரும் தர்ஷினிக்குப் போனோம். பை-டூ வந்தது. நுரை ததும்பின தம்ளரை என் பக்கம் தள்ளினார். அந்த நிமிஷமே முடிவு பண்ணிட்டேன்." கைதட்டல். அவர் கணவர் முன்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார்.

எங்கள் தம்பி எழுந்தார். தாள் இல்லை. "அக்கா சொன்னதைத் திரும்பச் சொல்றேன். நுரை ததும்பின தம்ளரை உங்க பக்கம் தள்ளினார். சரிதானே அக்கா?" அவர் தலையாட்டினார். "நடுவர் அவர்களே, நுரை அதிகமா இருக்கிற தம்ளர்ல காபி கம்மி!"

கூடமே அதிர்ந்தது. அது அடங்கும் முன்பே அந்த அக்கா மைக்கைப் பிடித்து, "பதினோரு வருஷம் ஆச்சு நடுவர் அவர்களே, இன்னைக்குத்தான் புரியுது" என்றார். முன்வரிசையில் அவர் கணவர் இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பினார். ஆன்ட்டிக்கு நான் மொழிபெயர்க்கவே தேவைப்படவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். உட்கார்ந்து எழுதினால் இந்த ஒரு நிமிடம் கிடைக்குமா? ஒருவர் சொன்னதை இன்னொருவர் உண்மையாகக் கேட்டதால் வந்தது அது.

நான் மருந்து மூடியைக் கையில் தூக்கிக் காட்டித்தான் பேசினேன். 9 மூடி, 11 மூடி. "அந்த ரெண்டு மூடி யார் வீட்டுக் காசு? பால் விலை ஏறின இந்த மாசத்துல அந்த நஷ்டம் யார் தலையில?" முதலில் யாரும் சிரிக்கவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தார்கள், அப்புறம்தான் சிரிப்பு வந்தது. ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன்.

நட்பு அணித் தலைவர் எழுந்து நான் சொன்னதை ஒரு சொல் தவறாமல் திரும்பச் சொன்னார். அப்புறம், "எதிரணித் தலைவி அளந்தாங்க. மாஸ்டர் அளக்கலை. எங்க வழக்கு அவ்வளவுதான்" என்று உட்கார்ந்துவிட்டார். அவருக்கு இன்னும் மூன்று நிமிடம் பாக்கி இருந்தது.

டீச்சர் தீர்ப்புக்கு நேரம் எடுத்துக்கொண்டார். எங்கள் அணியின் நோட்டுக் கணக்கையும் நுரையையும் ஒவ்வொன்றாக எடுத்து, இரண்டும் உண்மை என்றார். "ஆனா கஞ்சத்தனம்னா கொடுக்குற கை சுருங்கணும். இங்கே ஊத்துற கை சுருங்கலையே. ரெண்டு தம்ளரைப் பார்த்ததும் தன்னை அறியாமலே கூட ஊத்துது. பங்கு போட்டுக்கிட்ட ரெண்டு பேருக்குள்ள நட்பு வளருதோ இல்லையோ, அந்த மாஸ்டருக்கும் இந்த ஊருக்கும் நடுவுல வளருது. நட்பே!"

தோற்றுவிட்டேன். எதிரணித் தலைவர் கையைப் பிடித்துக் குலுக்கும்போது மனசு நிறைந்திருந்தது. அந்த மூடியை டீச்சர் கேட்டு வாங்கிக்கொண்டார்.

ஏப்ரல் 14, திங்கள், சித்திரை 1

அப்பா காலையிலேயே போன் செய்தார். ஊரில் இருக்கும் என் சொந்தத் தம்பி ராத்திரியே ரெகார்டிங்கைப் போட்டுக் காட்டியிருக்கிறான். அப்பா 2001 பிப்ரவரி 28இல் தங்கச் சுரங்கத்தை மூடும்வரை கே.ஜி.எஃபின் சாம்பியன் ரீஃப்பில் பூமிக்கு அடியில் வேலை பார்த்தவர்.

புத்தாண்டு வாழ்த்துக்கூடச் சொல்லவில்லை. "நீ எப்படிம்மா அந்தப் பக்கம் பேசினே?" என்றார். சீட்டில் விழுந்தது என்றேன். "அது சரி. எதிரணியும் ஒண்ணை விட்டுட்டாங்க" என்று சொன்னார். கீழே நாலு பேருக்கு ஒரு டப்பா டீ இருக்குமாம், மூடிகளில் ஊற்றிக் குடிப்பார்களாம். வெளிச்சம் தொப்பி விளக்கு மட்டும்தான், அளவு சரியாகத் தெரியாது. அதனால் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள்: ஊற்றுகிறவன் கடைசியில்தான் எடுக்க வேண்டும், மற்ற மூன்று பேரும் எடுத்த பிறகு மிச்சம் இருக்கும் மூடிதான் அவனுக்கு.

"அதனால சண்டையே வரலையா அப்பா?"

"வந்துச்சு. ஊத்துறவன் தனக்குக் கம்மியா ஊத்திக்கிறான்னு மத்த மூணு பேரும் சண்டை போடுவோம்."

இதை இத்தனை வருடத்தில் அவர் சொல்லிக் கேட்டதே இல்லை. உடனே டீச்சருக்குப் போன் செய்து சொன்னேன். "அடுத்த தடவை உங்கப்பாவை நட்பு அணியில் போடு" என்றார். அடுத்தது சாம்பாரும் வெல்லமும், ஜூன் மாதம். அப்பாவிடம் கேட்டேன். அவர் ஊர்ப் பக்கத்து மாரிகுப்பம் ஸ்டேஷனிலிருந்து ஞாயிற்றுக்கிழமை ரயில் எத்தனை மணிக்கு என்று பார்த்துச் சொல்லச் சொன்னார்.