குமரன் ரோட்டு மாடியைக் காலி செய்தோம்

பதினோரு வருடம் இருந்த குமரன் ரோட்டு ஆபீஸைப் போன மாதம் காலி செய்துவிட்டோம். திருப்பூரில் சின்னச் சின்ன பனியன் யூனிட்டுகள், மெஷின் போட்டுக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கிற பவர்டேபிள்காரர்கள், செக்கிங் அயர்னிங் எடுத்துச் செய்பவர்கள், இவர்களுக்குக் கணக்கு எழுதி ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டுக் கொடுப்பதுதான் எங்கள் வேலை. என்னையும் சேர்த்து ஏழு பேர். இப்போது அனுப்பர்பாளையத்தில் கீழ்த்தளத்தில் ஒரே ஒரு அறை எடுத்திருக்கிறோம், நான்கு பேர் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறார்கள். இதே யோசனையில் இருக்கிற தெரிந்தவர்கள் இரண்டு பேர் எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டார்கள், போனில் சொல்லி முடிகிற விஷயமாக இல்லை, அதனால் எழுதுகிறேன்.

காரணம் வாடகை மட்டும் இல்லை. வாடகையும் ஏறியது, உண்மை. ஆனால் எங்கள் ஆபீஸில் ஐந்து பேர் பெண்கள், ஒருவர் ஊத்துக்குளியிலிருந்து ரயிலில் வருவார், ஒருவர் சென்னிமலையிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். இருபதாம் தேதி 3பி, அதாவது வரி கட்டிப் போடுகிற மாத ரிட்டர்ன், அதற்குக் கடைசி நாள் என்றால் ராத்திரி ஒன்பது மணிக்குப் பிறகு இவர்களை எப்படி ஊருக்கு அனுப்புவது என்பதே எனக்குப் பெரிய கவலை. ஒவ்வொரு மாதமும் அந்தக் கவலை. 2020 ஊரடங்கில் வீட்டிலிருந்து கொஞ்ச நாள் வேலை பார்த்தோம்தான், ஆனால் அப்போது எதுவும் ஏற்பாடு இல்லாமல் பில்லையெல்லாம் மொபைலில் போட்டோ எடுத்து அனுப்பி, தலைகால் புரியாமல் செய்தது. அதை மனதில் வைத்துக்கொண்டுதான் ஐந்து வருடம் தள்ளிப் போட்டேன்.

சரி, முடிவெடுத்தாயிற்று. முதலில் நான் உட்கார்ந்து யோசித்தது கம்ப்யூட்டரைப் பற்றி. அது தப்பு. கணக்கு ஆபீஸில் இடம் பிடித்திருப்பது ஆட்களோ கம்ப்யூட்டரோ இல்லை, காகிதம்தான். எங்கள் பரணில் ஏறிப் பார்த்தபோது ஒவ்வொரு பார்ட்டிக்கும் (எங்களிடம் கணக்குக் கொடுப்பவர்களை அப்படித்தான் சொல்வோம்) ஒரு மஞ்சள் பை, ஜவுளிக்கடைப் பெயர் மங்கிப்போன துணிப்பை, காது கயிற்றால் கட்டி, மேலே அட்டையில் வருடம் எழுதித் தொங்கவிட்டது. ஒன்றை அவிழ்த்தேன். 2017 ஜூலை, ஜிஎஸ்டி வந்த முதல் மாதம். கையால் எழுதிய டெலிவரி சலான், எண்ணெய்க் கறை பட்ட நூல் பில், அதன் பின்பக்கத்தில் பென்சிலால் சனிக்கிழமைச் சம்பளக் கணக்கு, பெயருக்கு நேராக ஷிப்ட் எண்ணிக்கை. அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கணக்குப் புத்தகங்களையும் பில்களையும் அந்தந்த வருடத்து ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும் என்பது ஜிஎஸ்டி சட்டம். 2017-18க்கான ஆண்டு ரிட்டர்ன் கெடு தள்ளித் தள்ளிப் போய் 2020 பிப்ரவரியில்தான் முடிந்தது, அதனால் அந்த முதல் வருடத்துப் பைகளை 2026 பிப்ரவரி வரை தொடக்கூடாது. அது தாண்டியதும்தான் பரணில் கை வைத்தோம். நோட்டீஸ், அப்பீல் என்று ஏதாவது நிலுவையில் இருக்கிற பார்ட்டியின் பைகள் தனி. இன்னொன்று, கணக்குகள் இருக்க வேண்டிய இடம் பார்ட்டியின் பதிவு முகவரி, என் பரண் இல்லை. இத்தனை வருடம் வசதிக்காக நாங்களே வைத்திருந்தோம். இப்போது ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, எந்த வருடம், எத்தனை பை என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கித் திருப்பிக் கொடுத்தோம். இந்த வேலைக்கு மட்டும் மூன்று வாரம் ஆனது. யாராவது ஆபீஸ் மாற்றுவதாக இருந்தால் இதை முதலில் தொடங்குங்கள், வண்டி பிடிப்பதெல்லாம் ஒரு நாள் வேலை.

பழைய இடத்து ஓனர் அட்வான்ஸில் பெயின்ட் அடிக்க என்று ஒரு பெரிய தொகையைப் பிடித்துக்கொண்டார். அக்ரிமெண்டில் அப்படி ஒரு வரி இருந்ததை நான் பதினோரு வருடமாகக் கவனிக்கவில்லை. அதற்கு மேல் அதைப் பற்றிப் பேச மனமில்லை.

புது இடத்தின் ஓனர் ஜிஎஸ்டி பதிவு இல்லாதவர். 2024 அக்டோபரிலிருந்து இப்படிப்பட்டவரின் கடை, ஆபீஸ் வாடகைக்கு, பதிவு செய்த வாடகைதாரர்தான் 18% வரியை ரிவர்ஸ் சார்ஜில், அதாவது ஓனருக்குப் பதிலாகத் தானே, பணமாகக் கட்ட வேண்டும், பிறகு அதைக் கிரெடிட் எடுத்து, தான் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். மாதா மாதம் கையிலிருந்து போகிற பணம் என்பதால் வாடகை பேசும்போதே இதையும் கூட்டிப் பாருங்கள். முகவரி மாற்றத்தை 15 நாளுக்குள் போர்ட்டலில் போட வேண்டும், ஆபீசர் பார்த்து ஒப்புதல் தந்த பிறகுதான் மாறும். வாடகை ஒப்பந்தம், வீட்டு வரி ரசீது, கரண்ட் பில் மூன்றிலும் ஓனர் பெயரும் கதவு எண்ணும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே சரிபார்த்தேன். பார்ட்டிகளுக்கு முகவரி மாற்றிக் கொடுக்கும்போது பல தடவை பட்ட அனுபவம் அது.

வீட்டு வேலைக்கு வருவோம். கணக்கு எழுதுகிற டேலி சாப்ட்வேர் ஓடுகிற சர்வர் அனுப்பர்பாளையம் அறையில் இருக்கிறது, வீட்டிலிருப்பவர்கள் ரிமோட்டில் அதற்குள் வந்து எழுதுகிறார்கள். பார்ட்டிகளின் பில் எதுவும் யார் வீட்டுக்கும் போகாது, இதில் மட்டும் நான் கறாராக இருக்கிறேன். அறையில் ஒருவர் ஸ்கேன் செய்கிறார், பை அந்த வாரமே திரும்பிப் போகிறது. பென்டிரைவ் மாதிரி இருக்கிற டிஜிட்டல் கையெழுத்து டோக்கன்களும் அங்கேதான், ஒரு தகரப் பெட்டியில், ஒவ்வொன்றிலும் பார்ட்டி பெயர் எழுதிய அட்டையை நூலால் கட்டி. கரண்ட் விஷயத்தில் ஒன்று புரிந்தது. மாதாந்திரப் பராமரிப்புக்குக் காலை ஒன்பது மணிக்குக் கரண்ட் எடுத்தால் முன்பு ஏழு பேருக்கும் சேர்ந்து வேலை நிற்கும். இப்போது ஊத்துக்குளிக்கு ஒரு நாள், பல்லடத்துக்கு ஒரு நாள், ஒருவர்தான் நிற்பார். ஆனால் அனுப்பர்பாளையத்தில் போனால் சர்வரோடு சேர்ந்து எல்லாரும் நிற்போம். அதனால் காசு செலவழித்தது அங்கே இருக்கிற இன்வெர்ட்டருக்குத்தான். வீட்டில் இருப்பவர்களுக்கு மேஜை, முதுகு சாய்கிற நாற்காலி, நெட் பில் மூன்றும் ஆபீஸ் கணக்கு. வாடகையில் நான் மிச்சம் பிடித்துவிட்டு அவர்களைத் தரையில் உட்கார வைப்பது நியாயமில்லை.

நான் எதிர்பார்க்காத சிக்கல் ஓடிபியில் வந்தது. ரிட்டர்ன் போடும்போது முதலாளியின் போனுக்கு ஓடிபி வரும், நாங்கள் கூப்பிட்டுக் கேட்போம். முன்பு ஆபீஸ் நம்பரிலிருந்து போகும், எல்லாருக்கும் மனப்பாடம். முதல் மாதம் பதினொன்றாம் தேதி, விற்பனை விவரம் போடுகிற ஜிஎஸ்டிஆர்-1 ரிட்டர்னுக்குக் கடைசி நாள், சென்னிமலைப் பெண் தன் சொந்த போனிலிருந்து ஒரு பவர்டேபிள்காரரைக் கூப்பிட, அவர் பேசாமல் கட் செய்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "ஏனுங்கம்மணி, யாரு கேட்டாலும் ஓடிபி சொல்லக் கூடாதுன்னு நீங்கதானுங்க சொன்னீங்க?" அவர் செய்தது நூற்றுக்கு நூறு சரி. அன்றைக்கே நான்கு பேருக்கும் ஆபீஸ் பெயரில் சிம் வாங்கினேன், அந்த நான்கு நம்பரையும் அச்சடித்து எல்லாப் பார்ட்டிகளுக்கும் நேரில் கொண்டுபோய்க் கொடுத்தோம், இவை தவிர வேறு எந்த நம்பரிலிருந்து எங்கள் பெயரைச் சொல்லிக் கேட்டாலும் தராதீர்கள் என்று சொல்லி.

அப்புறம் எங்களில் மிகவும் சின்னப் பிள்ளை, பி.காம் முடித்து இரண்டு வருடம் ஆகிறது. வீட்டிலிருந்து பார்க்கலாம் என்றதும் சந்தோஷப்படும் என்று நினைத்தேன். எல்லாரும் போன பிறகு தனியாக வந்து, "எனக்கு ஆபீஸ் வேணுங்க்கா" என்றது. ஒரே அறை வீடு, அப்பாவுக்கு நைட் ஷிப்ட், பகலில் தூங்குவார், லைட் போட முடியாது. இதை நான் முதலிலேயே ஒவ்வொருவரிடமும் கேட்டிருக்க வேண்டும். பொதுவாகக் கூட்டி வைத்து "யாருக்காவது கஷ்டமா?" என்று கேட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். ஜன்னல் பக்கத்து மேஜை இப்போது அந்தப் பிள்ளையுடையது. ஸ்கேனிங்கும் டோக்கன் பெட்டிச் சாவியும் அதன் பொறுப்பு, வீட்டிலிருப்பவர்கள் எது வேண்டுமென்றாலும் அதைத்தான் கூப்பிட வேண்டும்.

பெரியவர் ஒருவர், எங்கள் முதல் பார்ட்டி, குமரன் ரோட்டு மாடிப்படி ஏற முடியாமல் கீழே நின்று குரல் கொடுப்பார், யாராவது இறங்கிப் போய்ப் பையை வாங்கி வருவோம். இனிமேல் பேத்தியை வைத்து போனிலேயே அனுப்பிவிடலாம் என்று சொல்லிக் கொடுத்தோம், பேத்தியும் ஒழுங்காக அனுப்புகிறாள். போன சனிக்கிழமை பொழுதோடு அவரே வந்துவிட்டார், கையில் பை. படி இல்லாததால் நேராக உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்து, பக்கத்துப் பட்டறையில் பாத்திரம் தட்டுகிற சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "இங்க நல்லா இருக்குதுங்கம்மணி" என்றார். பையில் அந்த வாரத்து பில் நான்கு. நான்கும் ஏற்கெனவே சர்வரில் இருந்தவைதான். திரும்பவும் ஒரு தடவை ஸ்கேன் செய்து, பையை அவர் கையிலேயே கொடுத்து அனுப்பினோம்.