பையன் சொன்னா கேக்குது, நான் சொன்னா கேக்கல

குடும்பச் சண்டைக்குப் பஞ்சாயத்துப் பேச வருகிற பெரியவர்கள் தவறாமல் ஒன்று சொல்வார்கள்: "அவங்க எடத்துல நின்னு யோசிச்சுப் பாரு கண்ணு." கேட்க நியாயமாகத்தான் இருக்கும். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை கிடையாது. எங்கள் அத்தை அதைக் கல்யாணம் ஆன நாளிலிருந்து செய்து பார்த்தவர். மாமா இடத்தில் நின்று யோசித்து யோசித்து அவர் கண்ட முடிவு, "இந்த மனுசனுக்கு நான் பேசறதுன்னா எளப்பம்" என்பதுதான்.

எங்கள் ஊர் குமாரபாளையம். காவிரிக்கு இந்தக் கரையில் நாங்கள், அந்தக் கரையில் பவானி. எந்தத் தெருவில் நுழைந்தாலும் தறிச் சத்தம் கூடவே நடந்து வரும். மீசை முளைக்கும் முன்பே தறிக்குடோனுக்குள் போன மாமா, முட்டி தேய்ந்து நிற்க முடியாமல் போன பிறகுதான் வெளியே வந்தார். லுங்கித் தறி. குறுக்கு நூலைச் சுமக்கிற நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடிபட்டு ஓடும் சத்தம் பழகாதவர்களுக்கு நெஞ்சுக்குள் இடிக்கும். ஒரு குடோனில் பத்து, இருபது தறி ஒன்றாக ஓடினால் 100 டெசிபெலைத் தொடும். தொழிற்சாலைகளில் எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபெல்தான் உச்சவரம்பு என்று சட்டம் சொல்கிறது. வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு ஓட்டுகிற தறிக்கு அந்தச் சட்டத்தையெல்லாம் யார் கொண்டுவந்து காட்டுவார்கள்? காதுக்குப் பஞ்சு வைத்தவரைக்கூட மாமா பார்த்ததில்லையாம். "பஞ்சு வெச்சா நூல் அத்துப்போற சத்தம் தெரியாது கண்ணு" என்பார்.

நான் மருமகளாக வந்தபோதே வீட்டில் எல்லாருக்கும் மாமாவைப் பற்றி ஒரு தீர்ப்பு தயாராக இருந்தது. தனக்கு வேண்டியது மட்டும் அவர் காதில் விழும். சாட்சியமும் பலமாகவே இருந்தது. அத்தை அடுப்படியிலிருந்து "ஏனுங்க, கேஸ்காரன் வந்தானுங்களா?" என்று கேட்டால் பதில் வராது. அதையே என் வீட்டுக்காரர் வாசலில் நின்று கேட்டால் உடனே பதில் வரும். "பையன் சொன்னா கேக்குது, நான் சொன்னா கேக்கல. இது காது கோளாறா, மனசு கோளாறா, நீயே சொல்லு" என்று அத்தை என்னைக் கேட்பார். எந்த மருமகள் இதற்குப் பதில் சொல்வாள்? வெங்காயம் உரிப்பதில் மும்முரமாகிவிடுவேன். இன்னொரு சாட்சியம் இதைவிட வலுவானது. மெதுவாகச் சொன்னால் "என்ன?" என்பார். சத்தமாகத் திருப்பிச் சொன்னால் "எதுக்கு இப்பிடிக் கத்தறே?" என்று எரிந்து விழுவார். காது கேட்காதவருக்குச் சத்தமாகப் பேசினால் கோபம் ஏன் வர வேண்டும்? ஆக நடிப்புதான். வழக்கு முடிந்தது.

2020இல் எல்லாரும் முகக்கவசம் மாட்டியபோது நிலைமை மோசமானது. பேரன் பேசுவது புரியவில்லை, பால்காரர் பேசுவது புரியவில்லை. ரேஷன் கடையில் ஏதோ கேட்டிருக்கிறார்கள், இவர் வேறு ஏதோ சொல்லியிருக்கிறார், வரிசையில் நின்றவர்கள் சிரித்திருக்கிறார்கள். வெறும் பையோடு வீட்டுக்கு வந்து, சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். முகக்கவசத்துக்கும் காதுக்கும் என்ன சம்பந்தம் என்று அன்றைக்கு எங்களுக்குத் தோன்றவில்லை.

ஊரடங்கெல்லாம் தளர்ந்து வெகுநாள் கழித்து, காதில் "உய்ய்"னு ஒரு சத்தம் நிற்காமல் கேட்கிறது என்று அவரே சொன்னதால் ஈரோட்டுக்குக் கூட்டிப்போனோம். அத்தையும் வந்தார், நடிப்பு அம்பலமாவதைப் பார்க்க. கண்ணாடி அறையில் உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். பரிசோதித்த பெண் ஒரு வரைபடத்தைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். சிவப்பு வட்டங்கள் வலது காது, நீலப் பெருக்கல் குறிகள் இடது காது. கனமான சத்தங்கள் இருக்கும் இடது ஓரத்தில், 250, 500 ஹெர்ட்ஸில், கோடு ஓரளவு மேலேயே இருந்தது. 2000 ஹெர்ட்ஸைத் தாண்டியதும் கிணற்றுக்குள் இறங்குகிற மாதிரி விழுந்துவிட்டது.

அந்தப் பெண் பொறுமையாக விளக்கினார். உட்காதில் இருக்கும் நுண்ணிய மயிர்செல்கள்தான் சத்தத்தை நரம்புக்குக் கடத்துகின்றன. தறிச் சத்தம் வருஷக்கணக்கில் தாக்கும்போது கீச்சுச் சத்தங்களுக்கான செல்கள்தான் முதலில் சாகும். மறுபடி முளைக்காது. பேச்சில் உயிரோசை கனமான பக்கத்தில் இருக்கிறது, க், ச், த், ப் போன்ற வல்லின உரசல்களும் வெடிப்புகளும் பெரும்பாலும் கீச்சுப் பக்கத்தில் இருக்கின்றன. அதனால் யாரோ பேசுகிறார்கள் என்பது அவருக்கு நன்றாகவே கேட்கும், என்ன பேசினார்கள் என்பதுதான் விளங்காது. "கட்டு"வா, "தட்டு"வா, "பட்டு"வா என்று மூளை ஊகிக்க வேண்டும். செல்கள் செத்த காதுக்கு இன்னொரு கேடும் உண்டாம். மெல்லிய சத்தம் விழாது, கொஞ்சம் ஏற்றினாலோ சட்டென்று காதைப் பிளக்கும். நடுவில் வசதியான இடம் மிகக் குறுகல். "எதுக்குக் கத்தறே" என்பதற்கு அர்த்தம் அதுதான்.

பிறகு அந்தப் பெண் தன் பாட்டுக்குச் சொன்ன ஒன்றுதான் அத்தையை நிமிர வைத்தது. "ஆம்பளைங்க கொரல் இவருக்குக் கொஞ்சம் பரவால்லாம கேக்கும். பொம்பளைங்க, கொழந்தைங்க கொரல்தான் ரொம்பக் கஷ்டம். அதுவும் வேற ரூம்ல இருந்து கூப்பிட்டா சுத்தமாப் புரியாது."

அத்தை ஒன்றும் சொல்லவில்லை. பஸ்ஸில் வரும்போது பவானி தாண்டியதும் என் காதருகே, "அப்ப வேணும்னு செய்யலயா?" என்றார். அந்தக் கேள்வியில் நிம்மதி பாதி, ஏமாற்றம் பாதி. இத்தனை வருஷமாகப் பத்திரமாகச் சேர்த்துவைத்த ஒரு கோபம் செல்லாத நோட்டாகிவிட்டது. பார்வை மாறினால் மனசு லேசாகும் என்று நிறையப் பேர் எழுதுகிறார்கள். அத்தைக்கு அன்று பாரமாகத்தான் இருந்தது. பாவம், அவர் அழுத அழுகையெல்லாம் நிஜம்தானே? காரணம் வேறாக இருந்ததால் அந்த இரவுகள் திரும்பி வந்துவிடுமா?

இவ்வளவும் வரைபடத்திலிருந்து தெரிந்தவை. மிச்சத்தை மாமாவிடமிருந்துதான் தெரிந்துகொண்டோம். ஒரு பொழுதோட நேரம், மின்விசிறியை நிறுத்திவிட்டு, எதிரில் உட்கார்ந்து கேட்டேன்: "மாமா, புரியாட்டியும் சில சமயம் தலையாட்டறீங்களே, ஏனுங்க?" அவர் வெட்கப்படாமல் சொன்னார். "ரெண்டு தடவ 'என்ன'ன்னு கேக்கலாம் கண்ணு. மூணாவது தடவ கேட்டா மூஞ்சி மாறுதில்ல? அதுக்குத் தலையாட்டிட்டுப் போறதே மேலு." அப்புறம் சிரித்துக்கொண்டே, "சித்த நேரம் ஒண்ணுமே காதுல வாங்காம இருந்தாத்தான் தல நோவாம இருக்குது" என்றார். அப்படியானால் அத்தை சொன்னதில் கொஞ்சம் உண்மையும் இருந்திருக்கிறது. சில சமயம் அவர் வேண்டுமென்றேதான் கேட்கவில்லை. சோர்வு. நாள் முழுக்க ஒவ்வொரு வாக்கியத்தையும் விடுகதை மாதிரி அவிழ்த்துக்கொண்டிருப்பவருக்கு வருகிற சோர்வு.

முகக்கவச விஷயமும் அப்போதுதான் விளங்கியது. தறிக்குடோனில் வாய்ப்பேச்சு எடுபடாது. நாடாவில் தார் நூல் தீர்ந்தது, நீளவாட்டுப் பாவு நூல் முடிந்தது, டீ வந்தது எல்லாமே கைச்சாடை, உதட்டசைவு. இங்கிலாந்தில் லங்காஷயர் பருத்தி ஆலைகளிலும் தறிகளுக்கு நடுவே உதட்டைப் பெரிதாக அசைத்துப் பேசும் வழக்கம் இருந்தது, அதற்கு 'மீ-மோ' என்று பெயரே உண்டு என்று பின்னால் படித்தேன். எங்கள் குடோன்காரர்கள் அதற்குப் பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான். காது போன பின்னும் மாமா அந்தப் பழக்கத்தை வைத்தே வாழ்க்கையை ஓட்டியிருக்கிறார். எங்கள் உதடுகளை மறைத்த அன்றுதான் அவருக்கு உண்மையாகவே காது செவிடானது.

இதை யார், எந்த இடத்தில் நின்று யோசித்துக் கண்டுபிடித்திருக்க முடியும்? 2018இல் தால் எயால், மேரி ஸ்டெஃபெல், நிக்கோலஸ் எப்லி என்ற மூன்று உளவியலாளர்கள் 25 சோதனைகளைத் தொகுத்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். முகத்தைப் பார்த்து உணர்ச்சியைச் சொல்வது, சிரிப்பு நிஜமா பொய்யா என்று கண்டுபிடிப்பது, கணவன் மனைவி ஒருவர் விருப்பத்தை மற்றவர் கணிப்பது என்று பலவற்றில், 'அவர் இடத்தில் உன்னை வைத்துப் பார்' என்று சொல்லப்பட்டவர்களின் கணிப்பு அதனால் சரியாகிவிடவில்லை. நேரடியாகக் கேட்டுத் தெரிந்துகொண்ட தம்பதிகளின் கணிப்புதான் மேம்பட்டது. எனக்கு இது ஆச்சரியமாக இல்லை. அடுத்தவர் இடத்தில் நிற்கப்போகும்போது நம் காதையும் நம் கணக்கையும் கழற்றிவைத்துவிட்டா போகிறோம்? நன்றாகக் காது கேட்கிற அத்தை மாமாவின் இடத்தில் போய் நின்றால் அவருக்கு எல்லாம் நன்றாகவே கேட்கும். அப்புறம் கோபம் வராமல் என்ன செய்யும்?

இதற்குப் பிறகு எங்கள் வீட்டில் மாறியவை சின்னச் சின்ன விஷயங்கள். மிக்ஸி ஓடும்போது யாரும் பேசுவதில்லை. பேச வேண்டியவர் மாமா இருக்கும் இடத்துக்கு எழுந்து போக வேண்டும். ராத்திரி கரண்ட் போனால் டார்ச்சைப் பேசுகிறவர் தன் முகத்தில் அடித்துக்கொள்ள வேண்டும், இது பேரன் கண்டுபிடித்தது. காதுக் கருவியும் வாங்கினோம். மாட்டிய முதல் வாரம் எவர்சில்வர் தட்டு சத்தத்துக்கே தூக்கிப்போட்டார், செய்தித்தாள் புரட்டுவது கூட மழை பெய்கிற மாதிரி கேட்கிறதாம். மூளைக்குப் பழக மாதக்கணக்காகும் என்று முன்பே சொல்லியிருந்ததால் தாங்கிக்கொண்டார். இன்றும் விசேஷ வீடுகளுக்கு அதைக் கழற்றிவைத்துவிட்டுத்தான் போகிறார். ஒலிபெருக்கி வைத்து உறவைப் பேசவிடாமல் செய்வது நம் கல்யாண மண்டபங்களின் தனித் திறமை, அதில் நல்ல காதுக்காரர்களும் ஒருவருக்கொருவர் தலையாட்டிக்கொண்டுதான் இருக்கிறோம்.

அத்தை மாறினாரா? மாமாவிடம் மாறினார். முன்பு அடுப்படியிலிருந்து திட்டியவர் இப்போது எதிரில் வந்து நின்று, உதடு தெரிகிற மாதிரி திட்டுகிறார். மாமாவும் பதிலுக்குத் திட்டுகிறார். சண்டை கூடியிருக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும், ஆனால் இருவரும் ஒரே விஷயத்துக்காகச் சண்டை போடுகிறார்கள், இதுவே பெரிய முன்னேற்றம்.

இப்போது பிரச்சினை என் வீட்டுக்காரர். பள்ளி விடுமுறைகளிலும், படிப்பு முடித்து வேலை கிடைக்கும் வரையிலும் அவரும் தறி ஓட்டியவர். தொலைக்காட்சி ஒலி வருஷா வருஷம் ஏறிக்கொண்டே போகிறது. உலகில் 60 வயது தாண்டியவர்களில் 65 சதவீதத்துக்கு மேற்பட்டோருக்கு ஏதோ ஓர் அளவில் கேட்கும் திறன் குறைந்திருக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2021 அறிக்கையில் சொன்னது. இவருக்கு அறுபது ஆக இன்னும் நாள் இருக்கிறது, இருந்தாலும் ஒரு தடவை பரிசோதித்தால் என்ன? கூப்பிட்டால் வரமாட்டேன் என்கிறார். வீண் பிடிவாதம், பணம் செலவாகும் என்ற கஞ்சத்தனம் என்று நான் பாட்டுக்குக் காரணம் கட்ட ஆரம்பித்தேன். அப்புறம் கேட்டேவிட்டேன்.

"இருக்குதுன்னு தெரிஞ்சா, எங்கப்பாகிட்டப் பேசற மாதிரி என்கிட்டயும் பேசுவீங்க" என்றார். "எப்படிப் பேசறோம்?" "கொழந்தைக்குச் சொல்ற மாதிரி. ஒவ்வொரு வார்த்தையா. இழுத்து இழுத்து."

மாமாவிடமே போய்க் கேட்டேன், நாங்கள் பேசுவது அப்படியா இருக்கிறது என்று. கொஞ்சம் தயங்கினார். "முன்னால வந்து பேசறது நல்லாருக்குது கண்ணு. இழுக்க வேண்டாம். இழுத்தா உதடு கோணிக்குது, அதும் புரியல" என்றார். அத்தை எதிரில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "இத மொதல்லயே சொல்றதுக்கென்ன?" என்று அவரிடம் சண்டைக்குப் போனார், சாதாரண வேகத்தில்.