ஆறாவது சுண்டு

"சார், இந்தத் தடவை பூதான். சத்தியமா பூதான்!"

வகுப்பே கத்தியது. நாற்பது பேரும் எழுந்து நின்று நாணயம் சுண்ட வேண்டும், பூ விழுந்தவர் உட்கார வேண்டும். 19, 11, 5, 2 என்று குறைந்து, ஐந்தாவது சுண்டில் மூன்றாம் பெஞ்சுப் பையன் மட்டும் நின்றான்.

சுண்டும் முன் ஒவ்வொரு முறையும் அந்த இரண்டு ரூபாயைக் கண்ணை மூடிக்கொண்டு ஊதினான்.

நாற்பது பேரில் யாராவது ஒருவருக்கு ஐந்து தலை தொடர்ந்து விழுவது அதிசயமே இல்லை. ஒரு ஆளுக்கு 32-இல் 1 வாய்ப்பு; சுண்டுவதோ நாற்பது பேர். அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் சுண்டிவிட்டான்.

பூ.

"சொன்னோம்ல சார்!"

பாடம் போச்சு.

சரி என்று, இருவர் இருவராக உட்காரவைத்து ஐம்பது தடவை சுண்டி எழுதச் சொன்னேன். மூன்று தலைக்குப் பிறகு என்ன விழுந்தது என்று மட்டும் எண்ணினோம். மொத்தம் 112 இடங்கள். தலை 54, பூ 58.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் ஒரு மாணவி: "முன்னாடி என்ன விழுந்துச்சுன்னு காசுக்கு எப்படி சார் தெரியும்?"

சார்பிலா நிகழ்ச்சிகளுக்கு, அதாவது ஒன்று மற்றொன்றின் வாய்ப்பை மாற்றாத நிகழ்ச்சிகளுக்கு, நான் கரும்பலகையில் எழுதிப்போட்ட வரையறையை அழித்துவிட்டேன்.

எங்கள் அத்தைக்கு வரிசையாக மூன்று பெண்கள். "அடுத்தது கண்டிப்பா பையன்தான்" என்று ஊரே சொன்னது. நான்காவதும் பெண். அத்தையை ஏதோ கணக்குத் தப்பியவள் போலப் பார்த்தார்கள்.

மணி அடித்ததும் நாணயங்களைத் திரும்ப வாங்கினேன். ஒன்று குறைந்தது.

மூன்றாம் பெஞ்சு. அதிர்ஷ்டக் காசாம், தரமாட்டானாம்.