நாற்று நட்ட பிறகுதான் வேலை: வேலூர்ப் பக்கம் ஒரு முள்ளுக்கத்தரிக் குறிப்பு

வேலூரில் கழனி, தோட்டம் சார்ந்த தன்னார்வ வேலைக்குப் பஞ்சமே இல்லை. ஆடி பிறந்தால் விதை பரிமாற்றம், புரட்டாசியில் ஏரிக்கரையில் பனைவிதை நடவு, மழை பிடித்ததும் மரக்கன்று என்று ஞாயிற்றுக்கிழமைக்கு ஓர் அழைப்பு வந்துகொண்டே இருக்கும். சத்துவாச்சாரி மொட்டைமாடியில் தொட்டிச் செடி வளர்த்துக்கொண்டிருந்த நான் அதில் பலவற்றுக்கும் போனேன். எங்கும் ஒரே மாதிரிதான். நடவு நாளில் கூட்டம் நெரியும். தண்ணீர் ஊற்றும் நாளில் ஊர்க்காரர் மட்டும் நிற்பார். அதனால் இந்த முறை ஒரே பயிரை விதையிலிருந்து மறு விதை வரை கூடவே இருந்து பார்த்துவிடுவது என்று நாங்கள் சிலர் சேர்ந்து முடிவெடுத்தோம்.

பயிரைத் தேர்ந்தெடுக்க அதிகம் யோசிக்கவில்லை. அணைக்கட்டு வட்டாரத்து இலவம்பாடி முள்ளுக்கத்தரி. 2023இல் 'வேலூர் முள்ளுக் கத்தரிக்காய்' என்று புவிசார் குறியீடு கிடைத்ததே, அதுதான். தண்டில் முள், இலை நரம்பில் முள், காயின் காம்புத் தொப்பியிலும் முள். ஆம்பூர் பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளும் கத்தரிக்காயானாலும், வீட்டில் வைக்கும் புளிக்குழம்பானாலும் இந்தக் காய் போட்டால் ருசியே தனி என்று எங்கள் பக்கத்தில் எல்லாரும் சொல்வார்கள். குறியீடு கிடைத்த பெருமை பெரிதுதான். ஆனால் ஒரு ரகம் உயிரோடு இருப்பது சான்றிதழால் இல்லை. வருடா வருடம் யாரோ ஒருவர் நல்ல செடியாகப் பார்த்து, காயைப் பழுக்க விட்டு, விதை எடுத்து வைப்பதால்தான். அந்த வேலையில் கை கொடுக்கத்தான் போனோம்.

இலவம்பாடியை ஒட்டிய ஊரில் பரம்பரையாக இந்தக் கத்தரி பயிர் வைக்கும் ஒரு குடும்பம், தங்கள் கழனியில் பத்து சென்ட்டை விதைக்கென்று ஒதுக்கித் தந்தது. வீட்டுப் பெரியவரை ஊரே ஆயா என்று கூப்பிடும், நாங்களும் அப்படியே. முதல் நாளே ஒன்று பேசிக்கொண்டோம். மீதிக் கழனியில் கூலிக்கு வரும் பெண்களின் வேலையை நாங்கள் தொடுவதில்லை. சும்மா செய்து தருகிறோம் என்று பத்துப் பேர் இறங்கினால், அன்றைக்கு அந்தப் பெண்களுக்குக் கூலி போய்விடும். தன்னார்வம் என்று கிளம்புகிற எல்லாரும் இதை முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். யாரும் கூலி கொடுத்துச் செய்யாத வேலையைத் தேடிப் போக வேண்டும். விதை எடுப்பது, பதிவு எழுதுவது, ஏரிக்கரை, பொதுக்கிணறு, பள்ளித் தோட்டம் என்று அப்படிப்பட்டவை நிறைய இருக்கின்றன.

ஆடி

ஓர் ஏக்கருக்கு 160 கிராம் விதை போதும் என்பது கணக்கு. எங்கள் பத்து சென்ட்டுக்கு 16 கிராம், உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். ஆயா வீட்டில் சாம்பல் கலந்து துணியில் முடிந்து வைத்திருந்த விதை அது. மேட்டுப்பாத்தி அமைத்து, மட்கிய எரு கலந்து, விரலால் கோடு கிழித்து வரிசையாகத் தூவி, மேலே வைக்கோல் பரப்பிப் பூவாளியால் தண்ணீர் தெளித்தோம். முளை தலை காட்டியதும் வைக்கோலை எடுத்துவிட வேண்டும்.

இந்த மாதத்தில் பலரும் கவனிக்காத ஒரு வேலை இருக்கிறது: வேப்பங்கொட்டை பொறுக்குவது. ஆனி, ஆடியில் தெருவெல்லாம் வேப்பம்பழம் கொட்டிக் கிடக்கும். கழனிக்கு வர முடியாத அக்காக்கள், பெரியவர்கள் தங்கள் தெருவிலேயே பொறுக்கி, சதையைக் கழுவி, நிழலில் உலர்த்தித் தந்தார்கள். பிறகு பூச்சிக்கு மருந்தாக எங்களைக் காப்பாற்றியது அதுதான்.

சந்தேகம் வந்தால் விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. விவசாயிகளுக்குப் பயிற்சி கொடுப்பது அவர்கள் வேலையில் ஒன்று. மார்க்கபந்தீஸ்வரர் கோயிலுக்குப் போகிறவர்கள் அங்கேயும் ஓர் எட்டு போய், என்னென்ன பயிற்சி வருகிறது என்று கேட்டு வரலாம்.

ஆவணி

முப்பது, முப்பத்தைந்து நாள் நாற்றைப் பிடுங்கி இரண்டடிக்கு இரண்டடி நட வேண்டும். பத்து சென்ட்டுக்கு ஆயிரத்துக்கு மேல் நாற்று பிடிக்கும். நடவு அன்று கல்லூரிப் பிள்ளைகள் நிறைய வந்தார்கள். உற்சாகமாக நட்டார்கள், படமும் எடுத்துக்கொண்டார்கள். அதில் தவறொன்றும் இல்லை. கழனிச் சேற்றில் முதல்முறை கால் வைக்கிற பிள்ளைகளுக்கு அது பெரிய நாள்தான்.

அவர்கள் போன பிறகு ஆயா என்னிடம் கேட்டது: "இன்னா கண்ணு, நட்டுட்டு போட்டோ புடிச்சிக்கினு எல்லாம் பூட்டாங்க. மூணாம் நாளு உயிர்த்தண்ணி யாரு கட்டுவாங்க? கள எடுக்க யாரு வருவாங்க?"

அன்று இரவே ஒரு நோட்டில் முறை போட்டோம். நடவுக்கு வந்தவர்களைக் கூப்பிட்டு, "களை எடுக்க ஒரு நாள், தண்ணீர் கட்ட ஒரு நாள், எந்தத் தேதி வருவீர்கள்?" என்று தேதியோடு கேட்டோம். பொதுவாக வாருங்கள் என்றால் யாரும் வருவதில்லை. பெயரும் தேதியும் எழுதிவிட்டால் பெரும்பாலோர் வந்துவிடுகிறார்கள். வர முடியாதவர் பதிலுக்கு ஆள் சொல்லி அனுப்புகிறார். இந்த வருடத்து வேலையில் மற்றவர்களுக்கும் உதவும் என்று நான் நினைப்பது இந்த நோட்டைத்தான்.

புரட்டாசி

களைக்கொத்தோடு வரிசைக்கு ஒருவராக உட்கார்ந்தோம். முள்ளுக்கத்தரியில் களை எடுப்பது பொறுமைக்கு வேலை. துணிக் கையுறையைத் தாண்டி முள் குத்தும். கூலிக்கு வரும் அக்காக்கள் செடியைத் தொடாமல், கொத்தை மட்டும் சாய்த்து, வேரடி மண்ணைப் பொலபொலவென்று கிளறிவிட்டுப் போகிற லாவகத்தைப் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். அவர்கள்தான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.

அங்கங்கே நுனிக்குருத்து வாடித் தொங்கியது. தண்ணீர் குறைவு என்றுதான் முதலில் தோன்றும். ஆயா மகன் ஒரு குருத்தைக் கிள்ளி நகத்தால் இரண்டாகப் பிளந்து காட்டினார். உள்ளே குழாய் போலத் துளை, அதில் எச்சம், கடைசியில் வெளிர் ரோஜா நிறத்தில் அரிசி நீளத்துக்கு ஒரு புழு. தண்டு, காய்த் துளைப்பான். இப்போது குருத்தில் இருப்பது காய் வந்ததும் காய்க்குள் போய்விடும். வெளியிலிருந்து அடிக்கும் மருந்து அதற்குப் பிறகு அதைத் தொடாது. அதனால் வாடிய நுனியை இரண்டு விரற்கடை கீழே சேர்த்து வெட்டி, கீழே போடாமல் பையில் சேர்த்து, கழனிக்கு வெளியே கொண்டுபோய் அழிக்க வேண்டும். வாரா வாரம் செய்ய வேண்டிய வேலை இது. தன்னார்வலர் கை தேவைப்படுகிற இடம் இதுவே என்று எனக்குப் பட்டது. கண் கூர்மையான பள்ளிப் பிள்ளைகள் இதில் கெட்டிக்காரர்கள்.

அதோடு வேப்பங்கொட்டைச் சாறு. லிட்டருக்கு 50 கிராம் பருப்பு என்பது கணக்கு. எங்கள் இடத்துக்கு ஒரு கிலோ பருப்பும் 20 லிட்டர் தண்ணீரும் போதும். ஒன்றிரண்டாக இடித்துத் துணியில் மூட்டை கட்டி, இரவு முழுக்க ஊற வைத்து, காலையில் பிழியப் பிழியப் பால் போல இறங்கும். பால் நிற்கும்வரை பிழிய வேண்டும். வடிகட்டி, இலையில் ஒட்டிக்கொள்ள காதி சோப்புக் கரைசல் சேர்த்து, சாயங்காலமாக அடித்தோம். ஆண் அந்துப்பூச்சியை இழுத்துப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறியும் வைத்தோம். புழு முழுக்க ஒழிந்தது என்று சொல்ல மாட்டேன். விதைக்காய்க்குக் குறைவில்லாத அளவு தப்பியது.

இதே மாதத்தில்தான் பனை. ஏரிக்கரையில் பனைவிதை நடுவது இப்போது தமிழ்நாடு முழுக்கப் பரவியிருக்கிறது. 2021இல் வந்த முதல் வேளாண் பட்ஜெட்டில், பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று அறிவித்தார்கள். நடுகிறவர்களுக்கு அது நல்ல தெம்பு. கரையில் நடுவதற்கும் அனுமதி கேட்டுக்கொள்ள வேண்டும். ஏரி பஞ்சாயத்துடையதா நீர்வளத் துறையுடையதா என்று விசாரித்துக் கடிதம் கொடுத்துவிட்டால் பிறகு தொல்லை இல்லை. பத்தடிக்கு ஒன்று, ஓரடிக் குழி, கொட்டையைப் போட்டு மூடினால் வேலை முடிந்தது. தண்ணீர் ஊற்ற வேண்டாம். அதன் சல்லிவேர் கரை மண்ணைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் சில மாதத்தில் கீழே கிழங்கு இறங்கும்; பனங்கிழங்குக்கு ஆசைப்பட்டுத் தோண்டுகிறவர்களும் வருவார்கள். எனவே நட்ட இடத்தைக் குறித்துவைத்து, ஆடு மாடு ஓட்டி வரும் அண்ணன்களிடம் சொல்லிவைத்தோம். நாள் முழுக்கக் கரையில் இருப்பது அவர்கள்தான்.

ஐப்பசி

மழை. பாத்தியில் தண்ணீர் நிற்காமல் வாய்க்கால் வெட்டிவிடுவது தவிர எங்களுக்குப் பெரிய வேலை இல்லை. முதல் பறிப்பு ஆயா வீட்டுக்கே.

ஒரு ஞாயிறு அமிர்தி பக்கம் நாகநதியைப் பார்க்கப் போனோம். ஜவ்வாது மலையிலிருந்து இறங்கும் அந்த ஆறு வருடக்கணக்கில் காய்ந்து கிடந்தது. நூறு நாள் வேலைத் திட்டத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் சேர்ந்து தடுப்பணைகளும், மழைநீரை நிலத்துக்குள் இறக்கும் செறிவூட்டுக் கிணறுகளும் கட்டினார்கள். 2021 செப்டம்பரில் பிரதமர் வானொலி உரையில் இந்த ஆற்றைச் சொல்லிப் பேசினார். கூலிக்குச் செய்த வேலை என்பதால் அதன் மதிப்பு ஒரு துளியும் குறையவில்லை. ஒரு ஆற்றை மீட்பது ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தால் ஆகிற காரியமும் இல்லை. அவர்கள் கட்டியதைப் பார்த்துப் படிப்பதும், தூர் சேர்ந்த இடத்தைப் பஞ்சாயத்துக்குத் தெரிவிப்பதும் நம்மால் ஆகும்.

மார்கழி

வருடம் முழுக்க நான் காத்திருந்தது இதற்குத்தான். பாத்தி நடுவில் நன்றாகப் படர்ந்து, நோயில்லாமல், ரகத்தின் முள்ளும் காய் அமைப்பும் சரியாக இருந்த செடிகளுக்கு முன்பே சிவப்புத் துணி கட்டியிருந்தோம். பக்கத்தில் வேறு கத்தரி இருந்தால் பூவில் கலப்பு வந்துவிடும். குறைந்தது 100 மீட்டர் இடைவெளி வேண்டும். சுற்றுக் கழனிகளிலும் இதே ரகம் என்பதால் இந்த ஊர் விதைக்கு வாகான ஊர். மொட்டைமாடியில் நாலு ரகம் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு விதை எடுக்கிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

துணி கட்டிய செடிகளின் காயைப் பறிக்காமல் விட்டால் முற்றி, ஊதா வெளுத்து, மஞ்சளாகும். அதைப் பறித்து மேலும் சில நாள் வைத்திருந்தோம். பிறகு அறுத்தால் சதை பஞ்சு போல நெகிழ்ந்து, விதை பழுப்பேறி நிற்கும். தண்ணீரில் கையால் பிசைந்தோம். சதையும் பொக்கு விதையும் மேலே மிதந்தன. நல்ல விதை அடியில் தங்கியது. மேலே வந்ததைச் சாய்த்துக் கொட்டி, மறுபடி தண்ணீர் விட்டு, விதை ஒன்றோடொன்று வழுக்காமல் நறநறவென்று உரசுகிற வரைக்கும் அலச வேண்டும். வெயில் படாத திண்ணையில் வெள்ளைத் துணியில் பரப்பினோம். ஆயா வந்து ஒரு விதையை எடுத்துப் பல்லில் வைத்துக் கடித்துப் பார்த்து, "இன்னும் ஈரம் கீது, ரெண்டு நாளு வுடு" என்றார். கடித்தால் நசுங்கக் கூடாது, டக்கென்று உடைய வேண்டும். அதன் பிறகு சாம்பல் கலந்து கண்ணாடிப் பாட்டிலில் மூடினோம். ஒட்டிய சீட்டில் ரகம், ஊர், எடுத்த மாதம் மூன்றும் எழுதினோம்.

மாசி

விதை பரிமாற்றத்துக்குக் கொண்டுபோனோம். பாரம்பரிய நெல் ரகங்களைத் தேடி மீட்ட நெல் ஜெயராமன், திருத்துறைப்பூண்டிப் பக்கம் நெல் திருவிழாவில் வைத்திருந்த முறை பலருக்கும் தெரியும்: இரண்டு கிலோ பாரம்பரிய நெல் விதை வாங்கிப் போகிறவர் அடுத்த வருடம் நாலு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். 2018இல் அவர் காலமான பிறகும் அந்த முறை பல ஊர்களில் நடக்கிறது. நாங்களும் அதையே கத்தரிக்கு வைத்துக்கொண்டோம். ஒரு தேக்கரண்டி வாங்குகிறவர் இரண்டு தேக்கரண்டி திருப்ப வேண்டும்; பெயரும் ஊரும் பதிவேட்டில். பதிலுக்கு எங்களுக்கு ஜவ்வாது மலைச் சாமை, கோடு போட்ட ஒரு வகைப் புடலை, வீட்டு அவரையில் இரண்டு வகை கிடைத்தன. கேழ்வரகு விதை கொண்டுவந்த குடியாத்தத்து அண்ணன் கத்தரி விதையை வாங்கி, அங்கேயே பல்லில் கடித்துப் பார்த்தது எனக்கு நிறைவாக இருந்தது.

இப்போது நிலவரம்

எடுத்த விதையில் நூறை எண்ணி ஈரத்துணியில் சுற்றி வைத்தோம். இரண்டு வாரத்தில் 84 முளைத்தன. அரசுச் சான்று பெற்ற கத்தரி விதைக்கே 70 சதவீதம்தான் குறைந்தபட்சத் தரம் என்பதால் ஆயாவுக்கு ஏக சந்தோஷம். ஏரிக்கரையில் குறித்துவைத்த பனைகளில் சிலவற்றில் முதல் ஓலை வாள் போல எட்டிப் பார்க்கிறது. மீதியை மழைக்குப் பிறகுதான் சொல்ல முடியும்.

வரும் ஆடிக்கு இதே பத்து சென்ட் உறுதியாகிவிட்டது. அதற்கு முன் வேப்பங்கொட்டை சேர்க்க வேண்டும், நாற்றங்கால் பாத்தி கொத்த வேண்டும், பதிவேட்டில் உள்ளவர்களைப் போனில் கூப்பிட்டு அவர்கள் செடி எப்படி வந்தது என்று கேட்க வேண்டும். வர விரும்புகிறவர்கள் தொப்பி, தண்ணீர் பாட்டில், முழுக்கைச் சட்டை, தடித்த தோல் கையுறை கொண்டுவந்தால் போதும்; களைக்கொத்து நாங்கள் தருகிறோம். காலை ஆறுக்குத் தொடங்கிப் பத்துக்குள் முடித்துவிடுவோம், வேலூர் வெயிலில் அதற்கு மேல் ஆகாது. நோட்டில் நடவு நாள் நிரம்பிவிட்டது. புரட்டாசியில் குருத்து வெட்டும் ஞாயிறுகளுக்கு இன்னும் பெயர் வேண்டும்.