பெட்ரோல் நிலையம் காலியான பிறகு எங்கள் நிலத்தைச் சோதித்த அனுபவம்

பட்டர்வொர்த்தில் பாகான் டாலாம் பக்கம் மாமனார் காலத்தில் பெட்ரோல் நிலையத்துக்குக் குத்தகைக்கு விட்ட நிலம், குத்தகை முடிந்து எங்களிடம் திரும்பியது. நிலத்தடித் தொட்டிகளைத் தோண்டி எடுத்தபோதே குழியிலிருந்து பெட்ரோல் வாடை தூக்கியது. ஒரு தொட்டியின் அடிப்பக்கம் துருப்பிடித்து ஓட்டையாகி இருந்தது. "நல்ல மண் போட்டு மூடித் தருகிறோம், கையெழுத்துப் போடுங்கள்" என்றார்கள் குத்தகைக்காரர் தரப்பில். மண்ணையும் நிலத்தடி நீரையும் சோதித்து அறிக்கை வரட்டும், அப்புறம் கையெழுத்து என்று சொல்லிவிட்டோம். இதே நிலையில் இருக்கும் குடும்பங்களுக்குப் பயன்படும் என்றுதான் எழுதுகிறேன்.

மாசடைந்த நிலங்களைக் கையாள்வதற்கான வழிகாட்டிகளை மலேசியச் சுற்றுச்சூழல் துறை 2009-ல் வெளியிட்டது. மண்ணில் எது எவ்வளவு இருந்தால் மேற்கொண்டு ஆராய வேண்டும் என்று அதில் அளவுகள் இருக்கின்றன. குடியிருப்பு நிலத்துக்கு ஓர் அளவு, தொழில் நிலத்துக்கு வேறு அளவு. வீடு கட்டப் போகிறீர்கள் என்றால் ஆய்வு தொடங்கும் முன்பே அதை எழுத்தில் கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் தொழில் நிலத்துக்கான தளர்ந்த அளவை வைத்து "பிரச்சினை இல்லை" என்று அறிக்கை வரலாம்.

முதல் கட்டத்தில் யாரும் துளை போடுவதில்லை. பழைய வரைபடங்கள், தொட்டியில் அளவுகோல் விட்டுத் தினமும் எழுதிய எண்ணெய்க் கணக்கு, குழாய்ச் சோதனைத் தாள்கள் எல்லாவற்றையும் கேட்டு வாங்குவார்கள். எங்களுக்குப் பெரிதும் உதவியவர் அங்கே பம்ப் பிடித்த ஒரு பெரியவர். குழாய்ப் பாதையை இடையில் ஒருமுறை மாற்றிப் போட்டார்கள் என்று அவர் கைகாட்டிய இடம் எந்த வரைபடத்திலும் இல்லை. பிறகு அங்கே போட்ட துளையில்தான் மண்ணிலிருந்து வரும் ஆவியின் அளவு மிக அதிகமாக இருந்தது. தொட்டி மட்டும்தான் கசியும் என்றில்லை, குழாய் இணைப்புகளும் அடிக்கடி கசிகிற இடங்கள்தான்.

துளையிடும்போது மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பையில் அடைத்து, பிஐடி என்ற கையடக்கக் கருவியால் ஆவியை அளந்தார்கள். அதிகம் காட்டிய மண்ணும், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே இருந்த மண்ணும் ஆய்வகத்துக்குப் போயின. சில துளைகளில் பிவிசி குழாய் இறக்கிக் கண்காணிப்புக் கிணறாக மாற்றினார்கள். பெட்ரோல் தண்ணீரில் மிதக்கும். அதனால் குழாயில் வெட்டியிருக்கும் கீறல்கள் நீர்மட்டத்துக்கு மேலும் கீழும் இருக்க வேண்டும். கீறல் எல்லாம் தண்ணீருக்குள்ளேயே முடிந்துவிட்டால் மிதக்கும் எண்ணெய் கிணற்றுக்குள் வராது, அளவெடுத்தாலும் தெரியாது.

எங்கள் பெரிய வாக்குவாதம் கிணறு எங்கே என்பதில்தான். முதலில் வந்த திட்டத்தில் எல்லாத் துளையும் தொட்டிக் குழியைச் சுற்றியே இருந்தன, வீடுகள் இருக்கும் வேலிப் பக்கம் ஒன்றுமில்லை. ஆய்வுக்கு வந்த பெண் நிலவியலாளர், "அக்கா, தரையின் சரிவை மட்டும் பார்த்துத் தண்ணீர் இந்தப் பக்கம்தான் ஓடும்னு சொல்ல முடியாது. குறைஞ்சது மூணு கிணத்துல மட்டம் எடுக்கணும்" என்றார். கடலோரம் என்பதால் கடல் ஏற்ற இறக்கமும் மட்டத்தை மாற்றலாம், எல்லாக் கிணற்றிலும் ஒரே நேரத்தில் அளக்க வேண்டும் என்றும் சொன்னார். அளந்து பார்த்தால் தண்ணீர் வீடுகள் பக்கம்தான் நகர்ந்துகொண்டிருந்தது. வேலியோரம் ஒரு கிணறு போட்டே ஆக வேண்டும் என்று பிடிவாதமாக நின்றோம். அதில் பென்சீன் வழிகாட்டி அளவைத் தாண்டி வந்தது. பெட்ரோலில் இருக்கும் பென்சீன் புற்றுநோய் உண்டாக்கும் பொருள். குடிநீரில் லிட்டருக்கு 0.01 மில்லிகிராம்தான் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு.

நீர் மாதிரி எடுப்பதைக் கூடவே நின்று பாருங்கள். கிணற்றில் தேங்கிய நீரை முதலில் இறைத்து, அமிலத்தன்மையும் மின்கடத்தலும் நிலையான பிறகுதான் மாதிரி. 40 மில்லி கண்ணாடிக் குப்பியில் ஒரு காற்றுக் குமிழிகூட இருக்கக் கூடாது, இருந்தால் பென்சீன் அதற்குள் ஆவியாகிப் போய்விடும். குப்பிகள் பனிக்கட்டிப் பெட்டியில், யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்ற தாளோடு போக வேண்டும். ஆய்வகத்துக்கு 'சாம்' (மலேசிய ஆய்வக அங்கீகாரத் திட்டம்) அங்கீகாரம் இருக்கிறதா என்றும், அது இந்தச் சோதனைகளுக்குப் பொருந்துமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

வேலிக்கு அப்பால் ஒரு அம்மா தோட்டத்துக்கும் துணி துவைக்கவும் கிணற்று நீரைப் பயன்படுத்தி வந்தார். முடிவு வரும்வரை அதைத் தொட வேண்டாம் என்று முதலிலேயே போய்ச் சொல்லிவிட்டோம். அவர் கிணற்றில் பென்சீன் இல்லை, ஆனால் எம்டிபிஇ கொஞ்சம் இருந்தது. பெட்ரோலில் சேர்க்கும் அந்தப் பொருள் நீரில் எளிதாகக் கரைந்து, பென்சீனை முந்திக்கொண்டு ஓடும், சீக்கிரம் சிதையாது. வீட்டுக்கு வரும் குழாய்த் தண்ணீரையும் விட்டுவிடக் கூடாது. பிளாஸ்டிக் குழாய் மாசடைந்த மண்ணுக்குள் போனால் பெட்ரோல் பொருள்கள் குழாய்ச் சுவரையே ஊடுருவும். அந்த அம்மாவின் குழாய் எந்தப் பக்கமாகப் போகிறது என்பதையும் ஆய்வில் சேர்க்கச் சொன்னோம்.

அறிக்கை கையில் இருந்ததால் பேச்சு சுலபமாக முடிந்தது. தோண்டிய மாசு மண்ணைச் சாதாரணக் குப்பை போலக் கொட்ட முடியாது. அது எஸ்டபிள்யூ 408 என்ற பட்டியலிட்ட கழிவு, உரிமம் பெற்ற லோரியில்தான் போக வேண்டும். அந்தச் செலவைக் குத்தகைக்காரர் ஏற்றுக்கொண்டார். கிணறுகளை மூடவில்லை, அளவெடுப்பு தொடர்கிறது. வேலியோரக் கிணற்றில் பென்சீன் வழிகாட்டி அளவுக்குக் கீழே இறங்கி, அடுத்தடுத்த அளவுகளிலும் அங்கேயே நின்றால்தான் ஒப்படைப்பில் கையெழுத்து என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொண்டோம்.